கதவைத் திறக்கச் சொன்னாள், ஃபேன் வந்தது

ஜோசஃபின் வாயைத் திறந்தால் ஸ்ரீராம்புரத்தில் நாலு சந்து தாண்டிக் கேட்கும் என்று அவள் கணவர் ரெமிஜியஸ் சொல்வார். அதில் மிகை கொஞ்சம்தான். பதினேழு வருஷமாகப் பீன்யாவில் ஒரு சட்டை ஃபேக்டரியில் காலர் தைக்கிறாள். முந்நூறு மெஷின் ஒரே சமயத்தில் ஓடும் தளத்தில் பக்கத்து மெஷின்காரியிடம் நூல் கேட்பதற்கே தொண்டையைத் திறக்க வேண்டும். அப்படிப் பழகிய குரல், அதே தளத்தின் கோடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மேனேஜர் காதில் ஆறு மாசம் விழவில்லை. இருபது தப்படி தூரம்கூட இருக்காது. ஏன் விழவில்லை என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவளுக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

விஷயம் ஒரு கதவில் ஆரம்பித்தது. அவர்கள் வேலை செய்வது இரண்டாவது மாடி. இறங்குவதற்கு முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒரு படிக்கட்டு. துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, ஜனவரியில் பின்பக்கக் கதவுக்குச் சங்கிலி போட்டு, பூட்டு மாட்டிவிட்டார்கள். சாவி கீழே செக்யூரிட்டி அறையில் இருந்தது. பத்து மணி டீக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஜோசஃபின் அந்தப் பூட்டைப் பார்த்தாள். பக்கத்து மெஷினில் சட்டைக் கைக்குக் கஃப் தைக்கும் கங்கம்மாவும் பார்த்தாள். கங்கம்மாவுக்கு ஐம்பது வயது, மாகடி பக்கத்துக்காரி, மூச்சு வாங்கும்.

"இதேனு, ஜெயிலா?" என்று கன்னடத்தில் கேட்டாள் கங்கம்மா.

ஜோசஃபின் அப்போது ஒர்க்ஸ் கமிட்டியில் இருந்தாள். தொழிலாளர் பக்கம் ஐந்து பேர், கம்பெனி பக்கம் ஐந்து பேர், மாசம் ஒரு கூட்டம். மேனேஜர் அனந்தபத்மநாபன்தான் தலைவர். அவர் முதல் ஐந்து நிமிஷம் வந்து, காபி குடித்துவிட்டு, "நீங்க கன்டின்யூ பண்ணுங்க" என்று எழுந்து போய்விடுவார். அதற்கப்புறம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வது எச்.ஆர். வித்யாலட்சுமி. திருவண்ணாமலைப் பெண், இருபத்தெட்டு வயது, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைக்காமல் இங்கே வந்தவள். எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் எழுதும் கூட்டக் குறிப்புக்கு மினிட்ஸ் என்று பேர். அது இங்கிலீஷில் டைப் ஆகி, மறுவாரம் கையெழுத்துக்கு வரும். லைனில் மெஷினை நிறுத்தாமலே ஒரு கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். டார்கெட் ஓடும்போது யார் உட்கார்ந்து படிப்பது?

ஜனவரிக் கூட்டத்தில் ஜோசஃபின் சொன்னாள்: "பின்கதவைப் பூட்டாதீங்க மேடம். ஏதாவதுன்னா நாங்க எந்தப் பக்கம் ஓடறது?"

"கரெக்ட்தான் அக்கா. நோட் பண்ணிக்கிட்டேன்."

பிப்ரவரியில் மறுபடி சொன்னாள். மார்ச்சில் சொன்னாள். ஏப்ரலில் மேஜையைத் தட்டிச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வித்யாலட்சுமி தலையாட்டினாள், எழுதினாள். மே மாசம் முதல் வாரம், இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் ஏணியோடு மேலே வந்தார்கள். பூட்டிய கதவுக்கு நேர் மேலே, சுவரில் ஒரு பெரிய ஃபேனை மாட்டிவிட்டுப் போனார்கள். சங்கிலி அப்படியே இருந்தது. ஃபேன் காற்றில் பூட்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வித்யாலட்சுமியே லைனுக்கு வந்தாள். "அக்கா, உங்க ரிக்வெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு."

"எந்த ரிக்வெஸ்ட்?"

"அந்தக் கதவுகிட்ட காத்து இல்லைன்னு சொன்னீங்களே."

ஜோசஃபின் தைப்பதை நிறுத்தினாள். "நான் காத்து கேட்டனா? கதவைத் தொறன்னு சொன்னேன்."

வித்யாலட்சுமி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மினிட்ஸ்ல அப்படித்தான் இருக்குது அக்கா. நீங்களே சைன் போட்டிருக்கீங்க. போர்டுல ஒட்டியிருக்கு, பாருங்க."

ஜோசஃபினுக்குக் கன்னடம் நன்றாகப் படிக்க வரும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இங்கிலீஷ் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது. அறிவிப்புப் பலகையில் இருந்த நாலு மாசத் தாள்களையும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பி.யூ.சி. இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் பிரிஜெட், அடுப்படி வாசலில் நின்றபடி படித்துச் சொன்னாள்.

"பின்பக்க வழியருகே காற்றோட்டத்தை மேம்படுத்துமாறு தொழிலாளர் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டனர். நிர்வாகம் பரிசீலிக்க ஒப்புக்கொண்டது. இதாம்மா போட்டிருக்கு. நாலு மாசமும் இதேதான்."

"கதவுன்னு இல்லியா?"

"இல்ல."

"பூட்டுன்னு?"

"இல்லம்மா. கீழ உன் கையெழுத்து இருக்குது."

ரசம் பொங்கி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. வித்யாலட்சுமி மேலும் மேனேஜர் மேலும் வந்த கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், தன் மேலேயே வந்த கோபம்தான் அன்றைக்கு அவளைச் சாப்பிட விடவில்லை. நாலு தடவை. நாலு தடவை தான் சொல்லாததைச் சொன்னதாக ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ரெமிஜியஸ் பெயின்ட் வேலை முடித்து வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வுடு, பெரிய இடத்துல அப்படித்தான் மாத்தி எழுதுவாங்க" என்றார். அவள் தட்டைக் கழுவும் தொட்டியில் எறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் நேரே கண்ணாடி அறைக்குப் போனாள். அனந்தபத்மநாபன் மல்லேஸ்வரத்துக்காரர், மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். அழகான தமிழ் பேசுவார். இவள் சொல்ல ஆரம்பித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இதுக்குத்தானே கமிட்டி வெச்சிருக்கு? எதுவா இருந்தாலும் கமிட்டியில சொல்லு. ப்ராப்பர் சேனல்னு ஒண்ணு இருக்கில்லே."

"கமிட்டியில சொன்னதுதான் சார் ஃபேனாயிடுச்சு."

"அப்போ நீ சரியா சொல்லலே."

அவர் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார். ஜோசஃபின் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தபோது, லைன் சூப்பர்வைசர் வந்து பன்னிரண்டு நிமிஷம் சீட்டில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனான். அந்தத் தகவல் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் வந்துவிட்டது.

ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். முன்பக்கப் படிக்கட்டை ஒட்டி இஸ்திரி போடும் இடம். அங்கே ஒரு கேபிள் கருகி, அடியில் கிடந்த துணிக் கட்டில் பிடித்துக்கொண்டது. தீ பெரிதில்லை, புகைதான் பெரிது. கறுப்பாக உருண்டு தளம் முழுக்கப் பரவியது. யாரோ மெயினை அணைத்தார்கள். மெஷின் சத்தம் நின்றதும் இருமல் சத்தம்தான் கேட்டது. முன்பக்கம் போக முடியாது. முந்நூறு பேரும் பின்பக்கம் ஓடினார்கள்.

ஜோசஃபின் முன்வரிசையில் இருந்தாள். இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். கதவு நாலு விரல் திறந்து, சங்கிலி இறுகி, நின்றுவிட்டது. அந்த நாலு விரல் சந்து வழியாக வெளிவெளிச்சம் தெரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் தள்ளினார்கள். "தள்ளாதீங்க, லாக் ஆயிருக்குது" என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்தினாள். நாலு சந்துக்குக் கேட்கும் குரல் அங்கே பத்தடிக்கு எட்டவில்லை. கங்கம்மா அவள் முதுகை ஒட்டி நின்றிருந்தாள். நெரிசலில் சரிந்து, கதவு மூலையில் விழுந்து, அவள் வலது கை சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டியது. எலும்பு முறிந்த சத்தம் ஜோசஃபினுக்குக் கேட்டது.

பின்வரிசையில் பட்டன் வைக்கும் தீபிகா, கிருஷ்ணகிரிப் பெண், ஒரு ஸ்டூலைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியை உடைத்ததால் மூச்சு விட முடிந்தது. அதற்குள் எலெக்ட்ரீஷியன்கள் தீயை அணைத்துவிட்டார்கள். சாவி மேலே வர ஒன்பது நிமிஷம் ஆயிற்று. சாவிக்காரர் டீ குடிக்க வெளியே போயிருந்தாராம்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு புதுத் தாள். ஊழியர்கள் நிதானமாக நடந்துகொண்டதற்கு நிர்வாகம் பாராட்டுத் தெரிவித்தது. கங்கம்மாவின் விபத்துப் படிவம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனது. மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த கங்கம்மா அதன் நகலை ஜோசஃபினிடம் கொடுத்தாள். பிரிஜெட் படித்தாள்: "படிக்கட்டில் தன் அவசரத்தால் கால் தவறி விழுந்தார்."

"நான் படிக்கட்டையே பாக்கலியே" என்றாள் கங்கம்மா கன்னடத்தில். "படிக்கட்டுக்குப் போகத்தானே வழி இல்லை."

ஜோசஃபினுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு மனுஷியின் கை முறிந்ததைக்கூட இவர்கள் மாற்றி எழுதுவார்கள் என்றால், செத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஆடிட் வந்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பும். அந்த வாரம் கழிப்பறையில் சோப்பு இருக்கும், குடிக்கிற தண்ணிக்குப் புது டம்ளர் இருக்கும். சங்கிலியும் காணாமல் போயிருந்தது. இந்தத் தடவை வந்தவர் சஞ்சய், தில்லிக்காரர். தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அவர் கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர் லைனில் வேலை செய்யும் ஒடியாப் பெண்களோடு இன்னொரு அறையில் இருந்ததால், "தமிழ், கன்னடம் ரெண்டும் எனக்குத் தெரியும், நான் ஹெல்ப் பண்றேன் சார்" என்று வித்யாலட்சுமி வந்து உட்கார்ந்துகொண்டாள். கம்பெனி ஆள் அந்த அறையில் இருக்கவே கூடாது. அது சஞ்சய்க்கும் தெரியும். பட்டியலில் இன்னும் இருபது பேர் பாக்கி இருந்ததால், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஜோசஃபின் முறை வந்தது. அவர் ஏதோ கேட்டார். வித்யாலட்சுமி திரும்பினாள்.

"அக்கா, வெளிய போற வழி பத்தி ஏதாவது ப்ராப்ளம் இருக்கான்னு கேக்கறாரு."

ஜோசஃபின் நிதானமாகச் சொன்னாள். "ஜனவரியிலருந்து பின்கதவைச் சங்கிலி போட்டு பூட்டி வெச்சிருந்தாங்க. ஜூலையில புகை வந்தப்ப தொறக்க முடியல. சாவி வர ஒம்பது நிமிஷம் ஆச்சு. கங்கம்மா கை ஒடிஞ்சுது. நான் அதுக்கு முன்னாடியே நாலு தடவ கமிட்டியில சொல்லியிருக்கேன்."

வித்யாலட்சுமி ஒரு கணம் மேஜையைப் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். ஜூலையில் ஒரு ஃபயர் டிரில், அதாவது தீ ஒத்திகை, நடந்தபோது சின்னக் குழப்பம் ஏற்பட்டதாம். ஒரு அம்மா கால் தவறி விழுந்தாராம். இப்போது எல்லாம் நன்றாக இருக்கிறதாம். கமிட்டி மாதாமாதம் கூடுகிறதாம்.

சஞ்சய் எழுத ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஜோசஃபின் குக் டவுனில் கேரல் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி வீட்டில் ஆறு வருஷம் பிள்ளை பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சு கிடையாது. இரண்டு குழந்தைகளுக்கும் சோறு ஊட்டியது, சண்டை விலக்கியது எல்லாம் அந்த மொழியில்தான். ஃபேக்டரியில் இது ஒருவருக்கும் தெரியாது. பதினேழு வருஷத்தில் உனக்கு என்ன தெரியும் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குக் காது சூடாகியது. கண் முன்னால், இரண்டடி தூரத்தில், தன் வாயிலிருந்து போன வார்த்தை வேறு வார்த்தையாக மாறி அந்த ஆளின் பேனாவுக்குள் இறங்குவதைப் பார்த்தாள். இத்தனை மாசமும் இப்படித்தான் நடந்திருக்கிறது. முதல் தடவையாக நடக்கும்போதே பிடித்துவிட்டாள்.

"நோ சார்" என்றாள். "நோ டிரில். ஸ்மோக். டோர் லாக். மீ டெல் ஃபோர் டைம்ஸ். தே கிவ் ஃபேன்."

சஞ்சய் நிமிர்ந்தார். வித்யாலட்சுமி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். "அக்கா, ப்ளீஸ், நான் சொல்றேன்" என்றாள் தமிழில்.

"நீ சொன்னதைக் கேட்டேன். போதும்."

பையிலிருந்து கங்கம்மாவின் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "கம், சார், ஐ ஷோ" என்று எழுந்தாள். அவர் பின்னால் வந்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. பின்கதவு அன்றைக்குத் திறந்திருந்தது. கைப்பிடியைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து, சங்கிலி இழுபட்ட தடம் வளையமாகப் பதிந்திருந்தது. அவள் அதைக் காட்டினாள். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனையும் காட்டினாள். சஞ்சய் இரண்டையும் படம் பிடித்தார். தீபிகாவும் இன்னும் நாலு பேரும் யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். கண்ணாடி அறையில் அனந்தபத்மநாபன் எழுந்து நின்றது தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை.

மூன்று வாரத்தில் பின்கதவு மாறியது. உள்ளேயிருந்து கம்பியைத் தள்ளினாலே திறக்கும் புதுக் கதவு. மினிட்ஸைக் கன்னடத்தில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஆடிட் அறிக்கை சொன்னது. கங்கம்மாவின் படிவத்தைத் திருத்தி அனுப்பினார்கள். ஆனால் அவள் கை நேராகக் கூடவில்லை. கஃப் தைக்க முடியாமல், கீழே நூல் வெட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஜோசஃபினைக் காலர் லைனிலிருந்து எடுத்து, முதல் மாடியில் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. நிர்வாக வசதிக்காக என்று தாளில் இருந்தது. இந்தத் தாளை அவள் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வாங்கினாள்.

அந்த வாரம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வித்யாலட்சுமி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பஸ் இரண்டு போனது.

"அக்கா, நான் முதல் மாசம் கதவுன்னுதான் எழுதினேன். சத்தியமா. சார்தான் இதைச் சட்டை வாங்கற பையர் பாத்தா என்னாகும், பாசிட்டிவ்வா எழுதுங்கன்னு திருப்பி அனுப்புனாரு. காத்தோட்டம்னு அவர்தான் மாத்துனாரு. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?"

ஜோசஃபின் திரும்பி அவளைப் பார்த்தாள். சின்னப் பெண். கண் கலங்கியிருந்தது. மற்ற சமயமாக இருந்தால் தோளைத் தொட்டிருப்பாள்.

"நீ எழுதினதை அவரு மாத்துனாரு. சரி. அன்னிக்கு ரூம்ல நான் சொன்னதை யாரு மாத்துனது? அங்க அவரு இல்லியே."

வித்யாலட்சுமி பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவரும் தமிழ்தான், நீயும் தமிழ்தான், நானும் தமிழ்தான். கதவுன்னா என்னன்னு மூணு பேருக்கும் தெரியும். கங்கம்மாவுக்கு மட்டும் தமிழ் தெரியாது. அவ கைதான் போச்சு."

பஸ் வந்தது. ஜோசஃபின் ஏறிவிட்டாள். வித்யாலட்சுமி ஏறவில்லை. அவளை மன்னித்துவிடு என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வரும் வழியில் ரெமிஜியஸ் சொன்னார். "இப்ப முடியாது" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

புது வருஷத்தில் கமிட்டிப் பட்டியல் ஒட்டினார்கள். ஜோசஃபின் பெயர் இல்லை. தீபிகாவின் பெயர் இருந்தது. சாந்தமான பெண், சத்தம் போட மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். ஜன்னலை உடைத்தது யார் என்று கடைசி வரை அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரிக் கூட்டம் முடிந்து மினிட்ஸ் வந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் தீபிகா மாடியிறங்கி வந்து ஜோசஃபினுக்கு எதிரில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். கங்கம்மாவும் இடது கையால் ராகிக் களி முத்தை உருண்டையைப் பிய்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"கையெழுத்துப் போட்டியா?" என்றாள் ஜோசஃபின்.

"போட்டேன்க்கா."

"என்ன எழுதியிருந்துச்சு?"

தீபிகா விரல் மடக்கிச் சொன்னாள். ஆறு விஷயம். மூன்றாவது, குடிதண்ணி. "தரத்தை உயர்த்தணும்னு டைப் பண்ணியிருந்தாங்க. நான் ஒத்துக்கல. தண்ணி நாறுதுன்னு சொன்னேன், நாறுதுன்னே எழுதுங்கன்னு சொன்னேன். வித்யா மேடம் அதை அடிச்சிட்டு எழுதுனாங்க. கன்னடத்துல படிச்சும் காட்டுனாங்க. கண்ணாடி ரூம்லருந்து பாத்துட்டிருந்த சார் முகத்தைப் பாக்கணும் நீங்க."

"அது போன மாசமும் சொன்னதுதானே?"

"ஆமாக்கா."

"தண்ணி மாறுச்சா?"

தீபிகா இல்லை என்று தலையாட்டினாள்.

ஜோசஃபின் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் பழைய கோபம் மறுபடி ஏறியிருந்தது. சரியாக எழுதிவிட்டால் போதும், வேலை முடிந்தது என்று இப்போது இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"நாளைக்கு லைன்ல எல்லாரையும் ஆளுக்கொரு பாட்டில் எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள். "அந்தக் குழாயில புடிங்க. நேரா கொண்டு போயி சார் மேஜை மேல வையுங்க. வாசனையை யாரும் மாத்தி எழுத முடியாது."

"எத்தனை பாட்டில்க்கா?"

"முந்நூறு பேரு இருக்கீங்கல்ல."

கங்கம்மா தன் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். மணி அடித்தது. மூவரும் எழுந்து போனார்கள்.